வீட்டை அரிக்கும் கரையானும் மர வண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. கான்கிரீட் வீடு, நாட்டு ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் வீடு மூன்றுக்கும் பொருந்தும். மருந்தின் அளவுகள் பெரும்பாலும் ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியை ஒட்டியவை. அதன் 2-ஆம் பகுதி புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கு, 3-ஆம் பகுதி ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்கு.

அரித்திருப்பது கரையானா, வண்டா, வெறும் ஈரமா? எப்படிப் பிரித்தறிவது?

கீழே தூள் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மண் கரையான் தூள் போடாது. செல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தின்ற இடத்தில் ஈர மண்ணை அப்பிவைக்கும். மேலே பெயின்ட் மட்டும் முழுதாக நிற்கும்; விரலால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போகும். பிளந்து பார்த்தால் ரேகை வாக்கில் பட்டை பட்டையாக அரித்திருக்கும், இடையிடையே மண் இருக்கும். பக்கத்துச் சுவரிலோ கதவு நிலையின் அடியிலோ பென்சில் தடிமனில் மண்கோடு ஓடும்.

உலர்மரக் கரையானுக்கு மண்ணும் வேண்டாம், மண்கோடும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே குடித்தனம். எச்சத்தைச் சின்னத் துளை வழியாக வெளியே தள்ளும். ஒவ்வொன்றும் 1 மி.மீ. அளவு, கசகசா மாதிரி, தேய்த்தால் கரகரக்கும். லென்ஸில் பார்த்தால் ஆறு பக்கம் தெரியும். கடலோர ஊர்களிலும் காற்றில் ஈரம் மிகுந்த இடங்களிலும் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

மைதா மாதிரி நைஸான மாவும், மரத்தில் 1 முதல் 2 மி.மீ. வட்டத் துளைகளும் இருந்தால் அது உளுக்க வைக்கும் வண்டு. 3 மி.மீ.க்கு மேற்பட்ட துளை என்றால் அதே வகையைச் சேர்ந்த பெரிய வண்டு. சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை, அடியில் மரத்தூள், பக்கத்தில் வண்டு மாதிரி கருநீலப் பூச்சி ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டு இருந்தால் அது கூடு கட்ட மரம் குடையும் தச்சுத் தேனீ. கைமரத்திலும் மூங்கிலிலும் வரும். ஒரே மரத்தில் ஆண்டாண்டாகக் குடைந்தால் ஒழிய அதனால் கூரைக்கு ஆபத்து இல்லை.

தூளும் இல்லை, மண்ணும் இல்லை, மரம் கறுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது என்றால் அது ஈரத்தில் மக்கியது. பூச்சி மருந்து வேண்டியதில்லை, ஒழுகலை அடைத்தால் போதும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண் கரையானுக்காகத் தரையைத் துளைத்து மருந்து ஏற்றும் டிரில்லிங் வண்டுக்கு ஒரு பைசா பயன் தராது. சோபாவில் மாவு கொட்டுகிறது என்று கூப்பிட்ட வீட்டில் தரை முழுக்க ஓட்டை போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

சுவரில் மண்கோடு தெரிகிறது. உடனே துடைத்துவிட்டு ஸ்ப்ரே அடிக்கலாமா?

வேண்டாம். கரப்பான் பூச்சி ஸ்ப்ரே பட்ட பூச்சி மட்டும்தான் சாகும். மற்றவை வழியை மூடிக்கொண்டு வேறு சுவர் வழியாக வரும். நீங்கள் இழப்பது, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்ற ஒரே தடயத்தை.

கோட்டின் நடுவில் 2 செ.மீ. நீளத்துக்கு மட்டும் உடையுங்கள். உள்ளே வெள்ளைப் பூச்சிகள் ஓடினால் சந்தேகமே இல்லை. ஒன்றும் ஓடவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடத்தை ஈர மண்ணால் மறுபடி அடைத்திருந்தால் வழி உயிரோடு இருக்கிறது. அப்படியே காய்ந்து கிடந்தால் பழைய கோடாக இருக்கலாம், அல்லது வழி மாறியிருக்கலாம். அந்தச் சுவரின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கோட்டைப் போட்டோ எடுத்து, அது தரையைத் தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். மருந்து போட வருபவருக்கு அந்தப் புள்ளிதான் வேண்டும்.

மழை பெய்த அன்று வீட்டுக்குள் ஈசல். பயப்பட வேண்டுமா?

எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. கோடை மழைக்குப் பின்னும் ஐப்பசி மழையிலும் வெளியே கிளம்பும் ஈசல் டியூப்லைட்டைப் பார்த்து ஜன்னல் வழியாக வந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் சிறகுகளைக் கூட்டித் தள்ளுங்கள். நிலை இடுக்கிலிருந்தோ ஸ்கர்ட்டிங் (சுவரடி டைல்ஸ் பட்டை) விரிசலிலிருந்தோ சுவிட்ச் போர்டு ஓரத்திலிருந்தோ வரிசையாக வெளிப்பட்டால் கதை வேறு. பல ஆண்டு வளர்ந்த கூட்டம்தான் ஈசலை அனுப்பும், அதன் வழி உங்கள் சுவருக்குள் இருக்கிறது என்று பொருள்.

சிறகு முளைத்த எறும்பையும் ஈசல் என்று எண்ணிக் கலங்குபவர்கள் இருக்கிறார்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் சிறகு பெரிது, பின் சிறகு சிறிது. ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பே கிடையாது.

கான்கிரீட் வீட்டுக்குள், அதுவும் மூன்றாவது மாடிக்குக் கரையான் எப்படி வருகிறது?

கான்கிரீட்டை அது தின்னாது. ஆனால் 1 மி.மீ. விரிசல் இருந்தால் நுழைந்துவிடும். தரைக்கும் சுவருக்கும் இடையிலான இணைப்பு, குழாய் தரையைத் துளைத்து வரும் இடம், எலக்ட்ரிக் கன்ட்யூட் (ஒயர் போகும் குழாய்), இரண்டு கட்டடப் பகுதிகளுக்கு இடையே விடும் இடைவெளி, குழாய்கள் மாடிக்கு ஏறும் பிளம்பிங் டக்ட் எல்லாமே அதற்குப் படிக்கட்டு. டக்டில் சொட்டும் குழாய் ஒன்று இருந்தால் பாதி வழியிலேயே ஈரமும் கிடைத்துவிடும். ஈரம் நிலையாகக் கிடைத்தால் சில இனங்கள் மண்ணுக்குத் திரும்பாமல் மாடியிலேயே தங்கிவிடும். ஆகவே மாடி வீட்டில் கரையான் என்றால் மருந்துக்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்து போட்டால் அது அடுத்த வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். தரைத்தளம், டக்டின் அடிப்பகுதி, கட்டடத்தின் வெளிச்சுற்று மூன்றையும் குடியிருப்போர் சங்கம் சேர்ந்து செய்தாக வேண்டும்.

வீட்டுக்குள் முதலில் பிடிபடும் இடங்கள்: சுவரை ஒட்டிய கபோர்டின் பின்பலகை, பழைய வீடுகளின் மர மெயின் போர்டு, குளியலறைக் கதவு நிலை, பரண். பரணில் குறிப்பாகக் கொலு பொம்மைப் பெட்டி. பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிச் சுவர் ஓரமாகத் தள்ளினால், அடுத்த புரட்டாசிவரை யாரும் தொடமாட்டார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

கரையானால் வீடு இடிந்து விழுமா?

கான்கிரீட் தூண், பீம், ஸ்லாப் உள்ள வீடு விழாது. நிலை, ஜன்னல், கபோர்டு, மரப் படிக்கட்டு போகும். மரம் சுமை தாங்கும் வீட்டில்தான் உண்மையான ஆபத்து, அதை இரண்டு வகையாகப் பார்க்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் குறுக்காக அடுக்கிய மெல்லிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்ந்த கான்கிரீட். எடை அதிகமான கூரை. விட்டத்தின் நடுப்பகுதி கண்ணெதிரே இருக்கிறது, அங்கே அரித்தால் தெரிந்துவிடும். சுவருக்குள் புதைந்த முனைதான் கண்ணுக்குப் படாதது. கைப்பிடிச் சுவர் விரிசலிலும் மழைநீர்க் குழாய் ஓரத்திலும் இறங்கும் தண்ணீர் அந்த முனையில் தேங்கும். ஈரம் பட்ட முனையைக் கரையான் தேடி வரும். நடு விட்டம் வார்னிஷ் பளபளப்போடு இருக்க, முனை மண்ணாகியிருக்கலாம்.

சோதிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். சுவரை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள், விட்டத்தின் அடியிலும் இரு பக்கத்திலும் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை சில மி.மீ.யோடு நின்றுவிடும். விட்டத்தின் நடுவிலும் குத்தி ஒப்பிடுங்கள். ஓரத்தில் மட்டும் 1 செ.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் முனை போயிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும், அரித்தது பொத்தென்று அடங்கும். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால் தொய்வும் தெரியும்.

முனை போனது உறுதியானால் அன்றே முட்டுக் கொடுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தரையில் பலகை போட்டு, அதன் மேல் இரும்பு ஜாக்கி, மேலே குறைந்தது மூன்று விட்டங்களைத் தாங்கும் குறுக்கு மரம். ஜாக்கியால் கூரையைத் தூக்க முயலக் கூடாது. இருக்கும் மட்டத்திலேயே இறுக்கிப் பிடித்தால் போதும். தூக்கினால் சுண்ணாம்புக் கூரை வெடிக்கும். அதன் பிறகு கட்டடப் பொறியாளர் வந்து பார்க்கட்டும். வழக்கமான பழுதுநீக்கம் இப்படி இருக்கும்: நல்ல மரம் வரும்வரை முனையை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்பு சேனல் வைத்து போல்ட் போட்டு, சேனலின் முனையைச் சுவருக்குள் சிறு கான்கிரீட் படுக்கையில் உட்கார வைப்பது. மரமே வைப்பதானால் முனைக்கு மருந்தேற்றி, சுற்றிலும் 2 செ.மீ. காற்றுக்கு இடம் விடுங்கள். கொத்தனார் கலவையை இறுக அடைத்து அழகாகப் பூசிவிடுவார். அந்த அழகுதான் அடுத்த முனையை மக்க வைக்கும்.

ஒழுகுகிறது என்று மேலே இன்னொரு அடுக்கு கான்கிரீட்டோ கூலிங் டைல்ஸோ போடுபவர்கள் விட்டங்களைச் சோதிக்காமல் அதைச் செய்யவே கூடாது.

ஓட்டு வீட்டில் பனங்கை, அதாவது பனையில் செய்த கைமரம், கவனிக்க வேண்டியது. பனையில் கறுத்த வைரம் (கெட்டியான பகுதி) வெளிப்புறம், உட்பகுதி மென்மையானது. கரையான் மென்மையானதைத் தின்றுவிட்டு வைரத்தைக் கூடாக விட்டுவைக்கும். பார்வைக்குக் குறையே தெரியாது. சுவரில் உட்காரும் முனையைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும். குரங்கு நகர்த்திய ஓட்டின் வழியாக ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே உள்ள கைமரத்தை முதலில் பாருங்கள்.

தரை டிரில்லிங் செய்து மருந்து ஏற்றுவது சரியாக எப்படி நடக்க வேண்டும்?

நோக்கம், வீட்டுக்கு அடியிலும் சுற்றிலும் உள்ள மண்ணில் இடைவெளி இல்லாத மருந்து வேலி ஒன்றை உண்டாக்குவது. கண்ணில் படும் கரையானைக் கொல்வது இதில் சின்ன பாகம்.

வெளிப்புறம்: மண் தரையானால் சுவரை ஒட்டி மண்வெட்டி அகலத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம். அடியில் 15 செ.மீ.க்கு ஒன்றாகக் கம்பியால் துளை. மருந்துக் கரைசல் மீட்டருக்கு 2.25 லிட்டர். மண்ணைத் திரும்பத் தள்ளும்போது அதிலும் கலந்து தள்ள வேண்டும். சிமென்ட் தளம் போட்டிருந்தால் சுவரை ஒட்டி 30 செ.மீ.க்கு ஒரு 12 மி.மீ. துளை.

உட்புறம்: தரையும் சுவரும் சேரும் ஓரமாக, எல்லா அறைகளிலும், 30 செ.மீ.க்கு ஒரு 12 மி.மீ. துளை. துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். அறைகளுக்கு இடையிலான சுவருக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒரு பக்கம் போட்டு முடிப்பது வழக்கமான குறுக்குவழி.

சுவர்: பேஸ்மட்ட அளவில், கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வில், 30 செ.மீ.க்கு ஒரு துளை. செங்கல் குடிக்கும்வரை ஏற்ற வேண்டும்.

மரம்: நிலையும் சுவரும் சேரும் இடத்தில் 15 செ.மீ.க்கு ஒரு 6 மி.மீ. துளை, 45 டிகிரி சாய்வு. இங்கே தண்ணீர்க் கரைசல் வேண்டாம், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த மருந்து. பூஜை அறை விளக்கு, கேஸ் அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான வேலைகள் தோற்பது துளையின் ஆழத்தில். டைல்ஸ், அதன் அடியில் கலவை, அதன் அடியில் 10 செ.மீ. பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) என்று வைத்தால் மண்ணைத் தொடுவதற்கே 15 செ.மீ. வேண்டும். ஆறங்குல பிட் அங்கேயே நின்றுவிடும். மருந்து கான்கிரீட்டுக்குள் தேங்கி, வழிந்து, துடைக்கப்பட்டுவிடும். பிட்டின் நீளத்தைக் கேளுங்கள், 30 செ.மீ.யாவது இருக்கட்டும். பிட் வெளியே வரும்போது அதன் நுனியைப் பாருங்கள். சாம்பல் தூளோடு வந்தால் மண் எட்டவில்லை. செம்மண்ணோ மணலோ ஒட்டிக்கொண்டு வந்தால் எட்டிவிட்டது. நின்று பார்ப்பவர் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஒரு லிட்டரும் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கினால் அந்த இடத்தில் நிரப்பு மண் அமுங்கித் தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது. அதைக் குறித்துவைத்து நெருக்கமாகத் துளையிடச் சொல்லுங்கள்.

எந்த மருந்து நல்லது?

பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பவை மூன்று. பெயருக்குப் பின்னால் வரும் எண் டப்பாவில் உள்ள மருந்தின் சதவீதம்; ஈ.சி. என்றால் எண்ணெய்க் கரைப்பானில் கரைத்தது, எஸ்.சி. என்றால் தண்ணீரில் நுண்துகளாகக் கலந்தது. அடுத்து வரும் சதவீதம் கலந்த கரைசலுக்கு. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி.: லிட்டர் கரைசலுக்கு 50 மி.லி., அதாவது 1 சதவீதம். 50 ஈ.சி. என்றால் 20 மி.லி. பைஃபென்த்ரின் 2.5 ஈ.சி.: லிட்டருக்கு 20 மி.லி., 0.05 சதவீதம். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி.: லிட்டருக்கு 2.1 மி.லி., 0.075 சதவீதம்.

பைஃபென்த்ரின் கரையானை விரட்டும் வகை. வேலி முழுதாக இருந்தால் நல்ல காவல். ஒரு முழம் விட்டுப்போனால் கரையான் அந்த முழத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். இமிடாகுளோபிரிட் இருப்பதே கரையானுக்குத் தெரியாது. நடந்து, மேலே பூசிக்கொண்டு, கூட்டத்தில் மற்றவற்றுக்கும் கொடுக்கும். மெதுவாகக் கொல்வதால் முதல் இரண்டு வாரம் பூச்சி தென்படத்தான் செய்யும். வாடை மிகக் குறைவு. குடியிருக்கும் வீட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். குளோர்பைரிபாஸ் வாடை பல நாள் நிற்கும், மனிதருக்கான நச்சும் கூடுதல்.

உரக்கடையில் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். கிடைக்கும். அது பயிருக்கானது. மருந்தின் பெயர் ஒன்றுதான், தயாரிப்பு வேறு. டப்பாவில் 30.5 என்ற எண்ணும், கட்டடக் கரையானுக்கு என்ற பயன்பாடும் அச்சாகியிருக்க வேண்டும். ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர் போன்ற பழைய மருந்துகள் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. "பழைய ஸ்டாக், பவர் ஜாஸ்தி" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரியான அளவு போட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லிட்டர் கணக்குப் போடுங்கள். மருந்தின் பெயரைவிட இது முக்கியம்.

உட்சுவர் ஓரங்களின் மொத்த நீளம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ.க்கு ஒன்று என்றால் சுமார் 270 துளை, 270 லிட்டர்வரை கரைசல். அதற்கு இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. ஏறத்தாழ 570 மி.லி.; குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்றால் பதின்மூன்றரை லிட்டர். இது வெளிச்சுற்றைச் சேர்க்காமல். முதுகில் ஒரு ஸ்ப்ரேயரும் கையில் 100 மி.லி. பாட்டிலும் கொண்டுவந்து அரை நாளில் முடித்துவிட்டேன் என்பவர் என்ன போட்டிருப்பார் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலைக்கு முன்னால் எழுதி வாங்க வேண்டியவை: மருந்தின் பெயரும் சதவீதமும், துளை இடைவெளி, துளைக்கு எத்தனை மி.லி., மொத்தத் துளைகள். சீல் உடைப்பதும் கலப்பதும் உங்கள் எதிரில் நடக்கட்டும். காலி டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் உடையாதா?

இணைப்புக் கோட்டில் துளையிட்டால் பெரும்பாலும் உடையாது. டைல்ஸைக் கடக்கும்வரை ஹாமர் இல்லாமல் வெறும் சுழற்சியில் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹாமர். மார்பிள், கிரானைட் தரையில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி அதன் பின்னால் துளையிட்டு மறுபடி ஒட்டலாம். தரைக்கடியில் தண்ணீர்க் குழாயும் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் தொடங்க வேண்டாம். மருந்து இறங்கிய பிறகு ஓட்டையை வெள்ளை சிமென்டில் நிறம் கலந்து அடைக்கலாம்.

கிணறு, போர்வெல், சம்ப், குழந்தைகள்: என்ன கவனம்?

திறந்த கிணறு சுவரை ஒட்டியே இருந்தால் அந்தப் பக்கம் மண்ணுக்குள் மருந்து ஏற்ற வேண்டாம். அங்கே சுவரையும் மரத்தையும் மட்டும் கவனித்தால் போதும். சம்ப்பின் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முதலில் அதை அடையுங்கள். பைஃபென்த்ரின் மீனுக்குக் கொடிய நஞ்சு. மீன் தொட்டியை மூடினால் போதாது, வெளியே எடுங்கள். இமிடாகுளோபிரிட் தேனீயைக் கொல்லும், ஆகவே பூத்த செடிகள் மேல் தெளிக்கக் கூடாது.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் ஒன்றிரண்டு நாள் வேறு இடத்தில் தங்கலாம். ஈ.சி. வகைக்கு இது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு, லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்தை முடிவு செய்ய முடியும்.

புதிதாக வீடு கட்டுகிறோம். எப்போது, எவ்வளவு?

மூன்று கட்டம். வானம் (அஸ்திவாரக் குழி) வெட்டியதும் குழியின் அடியிலும் பக்கங்களிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அஸ்திவாரம் எழும்பி மண் மூடும்போது அஸ்திவாரச் சுவரின் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர், இரு பக்கமும். பேஸ்மட்டம் மண் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிய பிறகு, பி.சி.சி.க்கு முன்னால், மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 100 சதுர மீட்டர் தளம் என்றால் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 500 லிட்டர் கரைசல். மண் தண்ணீர் தேங்கி இருக்கும்போது செய்தால் உள்ளே இறங்காது. அடித்துவிட்டு மழையில் நனைய விட்டாலும் வீண்.

மருந்துக்கு இணையான இன்னொரு வேலைக்குக் காசே தேவையில்லை. சென்ட்ரிங் பலகைத் துண்டு, சவுக்குக் கட்டை, சிமென்ட் சாக்கு, வேர் கலந்த லாரி மண் எதுவும் பேஸ்மட்டத்துக்குள் போகக் கூடாது. மனையில் இருந்த தென்னையின் அடிக்கட்டையை மண்ணுக்குள் விட்டுவிட்டு அதன் மேலேயே தரை போடுவது, கரையானுக்கு விருந்து வைத்து வாசலையும் திறந்துவிடுவது.

மருந்து போட்ட பிறகு பிளம்பர் தரையைத் தோண்டினால் அந்த இடத்துக்கு மறுபடி போட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. பின்னாளில் குளியலறை நிலையில் முதலில் கரையான் வருவது பெரும்பாலும் இதனால்தான். குடிவந்த பிறகு சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கட்டி, பேஸ்மட்டத்துக்கு மேல் மண் ஏற்றினாலும் வேலி தாண்டப்பட்டுவிடும்.

கதவு நிலையின் அடி அரித்துவிட்டது. முழு நிலையையும் மாற்ற வேண்டுமா?

அடியில் ஒரு அடி உயரத்துக்குள் என்றால் வேண்டியதில்லை. முதலில் மண்ணின் பக்கத்திலிருந்து வழியை அடைக்கும் சிகிச்சை, அதன் பிறகுதான் ஆசாரி. வரிசையை மாற்றினால் புது மரமும் இரையாகும். அரித்த கால்பகுதியை நல்ல மரம் தட்டும்வரை சாய்வாக அறுத்து, அதே இன மரத்தின் வைரப் பகுதியில் ஒட்டுப் போடலாம். ஒட்டுக் காலைத் தரைக்குள் புதைக்காமல் டைல்ஸ் மட்டத்துக்கு மேலே ஒரு கருங்கல் துண்டில் உட்கார வையுங்கள். குளியலறைக்கு மர நிலையே வேண்டாம், கிரானைட், யு.பி.வி.சி. பிளாஸ்டிக், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. எதுவானாலும் சரி.

சுவரைப் பார்க்கும் பின்பக்கத்தில் தார் பூசும் பழைய வழக்கம் நல்லதே, ஈரத்தைத் தடுக்கும். முந்திரிக்கொட்டை எண்ணெயும் கைமரங்களுக்குக் காலங்காலமாகப் பூசப்படுவது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும்.

தேக்கு, பிளைவுட் இருந்தால் கரையான் வராதா?

தேக்கின் உட்புற வைரத்துக்கு எதிர்ப்பு உண்டு, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்குக் கிடையாது. இளம் தேக்கில் பாதி வெள்ளைதான். "முழுக்கத் தேக்கு சார்" என்று சொன்ன நிலையில் கரையான் ஒரு ஓரத்தை மட்டும் கோடு கிழித்த மாதிரி தின்றிருக்கும். அது வெள்ளை எங்கே இருந்தது என்பதன் வரைபடம். பிளைவுட்டில் பி.டபிள்யூ.பி. என்ற முத்திரை பசை தண்ணீர் தாங்கும் என்பதைச் சொல்கிறது. கரையானுக்கு மருந்தேற்றியதா என்பதைத் தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பின்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் விரல் இடைவெளி விட்டுப் பொருத்தினால் வருவது கண்ணுக்காவது தெரியும்.

புது சோபாவிலும் கட்டிலிலும் மாவு கொட்டுகிறது. என்ன செய்வது?

மாமரம், ரப்பர் மரம், மூங்கில், மரங்களின் வெள்ளைப் பகுதி இவற்றில் மாவுச்சத்து அதிகம். வண்டின் புழு அதைத் தின்றுதான் வளர்கிறது. முட்டை பெரும்பாலும் மரக்கடையிலேயே வந்திருக்கும். வாங்கி ஓராண்டுக்குள் தென்பட்டால் கடையில் மாற்றிக் கேட்பதே முறை.

சின்னப் பொருளானால் வெப்பம் நல்ல வழி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் அடைந்து அரை மணி நேரம் நின்றால் புழு, முட்டை எல்லாம் சாகும். ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கு உலக அளவில் வைத்திருக்கும் அளவும் இதுதான். சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி மாடியில் வைத்தால் மெல்லிய சட்டத்துக்குப் பலிக்கும், தடித்த காலுக்குப் பலிக்காது.

பாலிஷ் இல்லாத மரத்துக்கு வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். லிட்டர் வெந்நீருக்கு வெண்காரம் 30 கிராம், போரிக் அமிலம் 20 கிராம். ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை நன்றாக ஊறும்படி பூச வேண்டும். பாலிஷைத் தேய்த்து எடுக்காமல் மேலே பூசினால் சொட்டும் உள்ளே போகாது. மழையில் நனையும் இடத்துக்கும் இது உதவாது, கரைந்து ஓடிவிடும். மூங்கிலை வெட்டியதும் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்துக்குக் காரணமும் இதே மாவுச்சத்தைக் கரைத்து எடுப்பதுதான்.

பழைய துளைகள் இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று ஆகாது. துளைகளைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து வெள்ளை மாவு விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், உப்பு, கழிவு ஆயில்?

பட்ட இடத்தில் கொல்லும் அல்லது சில நாள் விரட்டும். மண்ணுக்கடியில் இருக்கும் கூட்டத்துக்கு உறைக்காது. கழிவு ஆயில் பூசிய மரத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது, தீப்பிடித்தால் அணைப்பதும் கடினம்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் அதே மாத்திரை, ஈரக்காற்று பட்டால் பாஸ்பீன் வாயுவாகும். பக்கத்து அறையில் தூங்குபவரைக் கொல்லும். அதை அடைத்த கபோர்டில் வைத்திருப்பதும் திறந்த அறையில் வைத்திருப்பதும் ஒன்றே.

தோட்டத்தில் புற்று இருக்கிறது. இடித்து ராணியை எடுத்துவிட்டால் போதாதா?

ராணி இருக்கும் அறையைச் சரியாகத் தோண்டி எடுப்பது அபூர்வம். வீட்டுக்கு வருவது அந்தப் புற்றிலிருந்துதான் என்பதற்கும் உறுதி இல்லை. பல பத்து மீட்டர் தூரம் சுரங்கம் போட்டு வரும். மருந்து போடுவதானால் உச்சியைத் திறந்து, சில இடங்களில் கடப்பாரையால் துளையிட்டு, கன மீட்டர் புற்றுக்கு 4 லிட்டர் கரைசல் ஊற்றலாம். பாம்பு இருக்கக்கூடும், கையை விட வேண்டாம். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் புற்றானால் அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வேலியைச் சரியாகப் போடுங்கள், அதுவே போதும்.

மருந்து கலந்த இரையைப் பெட்டியில் வைக்கும் பெய்ட் முறை நம் ஊரில் வேலை செய்யுமா?

துளை போட முடியாத பழைய கட்டடங்களுக்கு யோசிக்கலாம். பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நம் ஊரில் மிகுதியாக உள்ள, புற்றுக்குள் காளான் வளர்க்கும் இனங்கள் அந்த இரையில் அவ்வளவு நாட்டம் காட்டுவதில்லை. முழுக்க அதையே நம்ப வேண்டாம்.

வாரன்டி கொடுத்திருக்கிறார்கள். மறுபடி வந்தால்?

வாரன்டி என்பது வழக்கமாக வந்த இடத்தில் இலவசமாக மறுபடி மருந்து போடுவது மட்டும். அரித்த கதவுக்குப் பணம் கிடைக்காது. வீட்டுக் காப்பீடும் பொதுவாகப் பூச்சிச் சேதத்தை ஏற்பதில்லை. தரையை மாற்றினாலோ புது அறை கட்டினாலோ வாரன்டி போய்விடும் என்ற வரி எங்காவது இருக்கும், தேடிப் படியுங்கள்.

மருந்து போட்ட முதல் மாதத்துக்குப் பிறகும் புது மண்கோடு வந்தால் அந்த இடத்தைத் துடைக்காமல், தேதியோடு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வருபவரை அந்தக் கோட்டுக்கு நேர் கீழே உள்ள துளையைத் திறந்து ஒரு கம்பியை விடச் சொல்லுங்கள். 10 செ.மீ.யில் முட்டி நின்றால் அந்த வரிசை முழுவதையும் நீள பிட்டால் மறுபடி போட வைப்பது உங்கள் உரிமை.